கறுப்பு செடானும் நான்கு வகை பேடும்: ஒரு பாலிஷ் வேலையின் நிகழ்வு ஆய்வு

வண்டி, ஏழு வருடம் ஓடிய ஒரு ஜப்பானிய செடான். நிறம் பேர்ல் கலந்த கறுப்பு. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்ககத்தில், கூரையில்லாத பார்க்கிங்கில் நிற்கிறது. தினமும் விடிகாலையில் ஒருவர் வந்து, ஒரே வாளி, ஒரே துணியோடு அந்த வரிசையில் நிற்கும் அத்தனை வண்டியையும் துடைத்துவிட்டுப் போகிறார். வாளியில் இருப்பது போர் தண்ணீர். இவ்வளவு சொன்னாலே பெயிண்ட் எந்த நிலையில் வந்திருக்கும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். துணியில் ஒட்டிய மணல் மேல் கோட்டைக் கீறியிருக்கும். வெயிலில் காய்ந்த உப்புத் தண்ணீர் வெள்ளைப் புள்ளிகளாக உட்கார்ந்திருக்கும்.

இந்த வேலையை விரிவாக எழுத ஒரு காரணம் இருக்கிறது. மெஷின் பாலிஷ் என்று பேச்சு வந்தால் எல்லோரும் எந்தக் காம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்க்கும் பசை), எந்தக் கம்பெனி என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பசையைத் தேய்க்க மெஷினில் மாட்டும் வட்ட மெத்தையை, அதாவது பேடைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் பெயிண்டின் மேல் உட்கார்ந்து தேய்ப்பது பேட்தான். அதே காம்பவுண்டை வைத்துக்கொண்டு பேடை மட்டும் மாற்றினால் வேலையின் முடிவே மாறிவிடும். இந்த வண்டியில் அது கண்கூடாகத் தெரிந்தது.

முன்பு நடந்த வேலை

எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு கடையில் இந்த வண்டிக்கு 'ரப்பிங் பாலிஷ்' போட்டிருக்கிறார்கள். உரிமையாளர் ஓய்வுபெற்றவர், வண்டியைப் பார்த்துப் பார்த்து வைத்திருப்பவர். அவர் சொன்னது இது: "எடுத்த அன்னைக்கு பளபளன்னு இருந்துச்சு தம்பி. நாலு வாட்டி தண்ணி ஊத்திக் கழுவினதும் பழைய கீறல் எல்லாம் திரும்பி வந்துடுச்சு. அது போதாதுன்னு, வெயில்ல நிறுத்தினா பானெட்ல ரெயின்போ மாதிரி ஏதோ ஓடுது."

அவர் சொன்ன இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அங்கே ரோட்டரி மெஷினில் கம்பளிப் பேட் மாட்டி, கரடுமுரடான காம்பவுண்ட் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். ரோட்டரி ஒரே அச்சில் ஒரே திசையில் சுற்றும். கம்பளியின் இழைகள் போன வழியெல்லாம் நுண்ணிய கோடுகள் விழும். அந்தக் கோடுகள் ஒழுங்கான வரிசையில் இருப்பதால், வெயில் படும்போது வண்டியோடு சேர்ந்து நகரும் பட்டைகளாகத் தெரியும். ஹாலோகிராம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அதற்கு அடுத்து இரண்டாம் கட்டமாக ஃபோம் பேடில் ஓட்டி அந்தக் கோடுகளை எடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸ் ஒன்றைப் பூசி மூடிவிட்டார்கள். நாலு முறை ஷாம்பு பட்டதும் கிளேஸ் போய்விட்டது. அடியில் இருந்தது வெளியே வந்தது.

கம்பளிப் பேடின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடினமான கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு), அல்லது 2000, 3000 நம்பர் உப்புத்தாளால் தேய்த்த தடத்தை எடுக்க, கம்பளிக்கு இணையாக வேகமும் குறைந்த சூடும் தரும் பேட் வேறு இல்லை. மென்மையான கறுப்புப் பெயிண்டில் அதை முதல் ஆயுதமாக எடுத்ததும், அதோடு நிறுத்திக்கொண்டதும்தான் தவறு.

கழுவி, அளந்து, பார்த்தது

முதலில் முழுமையாகக் கழுவினோம். வெள்ளைப் புள்ளிகள் மேல் வினிகரைச் சரிபாதி தண்ணீர் கலந்து தடவி, காயவிடாமல் அலசினோம். மேலே படிந்திருந்த சுண்ணாம்பு உப்பு அதில் கரைந்துவிட்டது. கிளியர் கோட்டையே அரித்துக் குழி பண்ணியிருந்த புள்ளிகள் மட்டும் மிஞ்சின. பெரும்பாலும் ரூஃபிலும் டிக்கியிலும். அப்புறம் கிளே எனும் களிமண் போன்ற கட்டியால் தேய்த்து, ஒட்டியிருந்த அழுக்கை எடுத்தோம். இந்த வேலையைச் செய்யாமல் பேடை வைத்தால், பேடில் ஏறிய மணலே புதுக் கீறல் போடும்.

அடுத்தது கேஜ், பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவி. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக எல்லா அடுக்கும் சேர்ந்து 90 முதல் 140 மைக்ரான் இருக்கும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான் வரை. நாம் தேய்ப்பது அந்த அடுக்கை. வெயிலைத் தாங்கும் பொருளும் அதில்தான் இருக்கிறது. அதில் ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் மொத்தத்தில் எடுத்துவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் பரவலாகக் கடைப்பிடிக்கும் எல்லை. சாதாரண கேஜ் மொத்தத் தடிமனை மட்டுமே காட்டும், கிளியரைத் தனியாகக் காட்டாது. அதனால் அது காட்டும் எண்ணை வைத்து ஊகிக்கத்தான் முடியும்.

இந்த வண்டியில் பானெட் நடுவில் 102 முதல் 110 வரை வந்தது. ரூஃபும் டிக்கியும் ஏறக்குறைய அதே அளவு. வலது முன் டோரில் 230க்கு மேல். அது டிங்கரிங் ஆகி மறுபடி பெயிண்ட் அடித்த டோர் என்பதில் சந்தேகம் இல்லை. உரிமையாளரும் ஒப்புக்கொண்டார். கவலை தந்தது பானெட்டின் முன் விளிம்பு: 84. ரோட்டரி மெஷினைச் சாய்த்துப் பிடித்து விளிம்பில் ஓட்டியதால் அங்கே அதிகம் தேய்ந்திருக்க வேண்டும். அந்த விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். கடைசிக் கட்டம் வரை எந்தப் பேடும் அங்கே போகாது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

டார்ச் வெளிச்சத்தில் கீறல்கள் விளக்கைச் சுற்றி வட்ட வட்டமாகத் தெரிந்தன. அவை உண்மையில் வட்டக் கீறல்கள் இல்லை. எல்லாத் திசையிலும் கிடக்கும் கீறல்களில், வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் மின்னுவதால் வட்டம் போலத் தோன்றுகிறது. ஸ்வர்ல் என்று எல்லோரும் சொல்வது இதுதான். இது தெரிந்தால்தான் டார்ச்சை ஒரே கோணத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க மாட்டோம்.

பேடின் நிறத்தை நம்பலாமா

இந்தக் கேள்வியை வேலை கற்றுக்கொள்ள வருகிற தம்பிகள் எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே கம்பெனிக்குள் நம்பலாம். கம்பெனி மாறினால் நம்பக் கூடாது.

இத்தாலியின் ரூப்பெஸ் ஃபோம் பேடுகளில் நீலம் கரடு, பச்சை நடுத்தரம், மஞ்சள் மென்மை, வெள்ளை மிக மென்மை. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி பேடுகளில் மஞ்சள்தான் அழுத்தமாக வெட்டுவது, அதாவது கிளியரை அதிகம் தேய்த்து எடுப்பது. ஆரஞ்சு அதற்கு அடுத்தது, வெள்ளை பாலிஷுக்கு, கறுப்பு ஃபினிஷிங்குக்கு. த்ரீ-எம் பேடுகளில் பச்சை கரடு, மஞ்சள் நடுத்தரம், நீலம் மிக மென்மை. மெகுயர்ஸில் மரூன், மஞ்சள், கறுப்பு என்று வரிசை. மெகுயர்ஸை 2008இல் த்ரீ-எம் வாங்கியது. இருந்தும் கரடுப் பேட் ஒன்றில் மரூன், இன்னொன்றில் பச்சை. ஒரு கடையில் நீலப் பேடால் கடைசிக் கட்டத்தை முடித்துப் பழகியவர், வேறு கடைக்குப் போய் அங்கிருக்கும் ரூப்பெஸ் நீலத்தை அதே நம்பிக்கையோடு எடுத்தால், முடிக்க வேண்டிய இடத்தில் வெட்ட ஆரம்பித்துவிடுவார்.

நிறத்துக்குப் பதிலாக விரலால் பாருங்கள். கட்டைவிரலை ஃபோமில் அழுத்தினால், உடனே எதிர்த்துத் தள்ளும் ஃபோம் அதிகம் வெட்டும். விரல் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வரும் ஃபோம் ஃபினிஷிங்குக்கு. அப்புறம் துளைகளைப் பாருங்கள். திறந்த துளையுள்ள ஃபோமில் காற்று போய்வரும், சூடு குறையும், பாலிஷை உள்ளே கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். மூடிய துளையுள்ளது பாலிஷை மேலேயே வைத்திருக்கும், ஆனால் சீக்கிரம் சூடாகும். பேடின் உயரமும் முக்கியம். மெலிந்த பேட் மெஷினின் அசைவை அப்படியே பெயிண்டுக்குக் கொண்டுபோகும். தடித்த பேட் வளைவுகளில் படிந்து உட்காரும். ஆனால் அசைவில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும்.

மைக்ரோஃபைபர் பேட் வேறு சாதி. மெல்லிய ஃபோமின் மேல் குட்டையான இழைகள். காம்பவுண்டில் உள்ள அரைக்கும் துகள்களோடு அந்த இழைகளும் சேர்ந்து பெயிண்டைத் தேய்க்கும். அதனால் டி.ஏ. (டூயல் ஆக்‌ஷன்: சுற்றிக்கொண்டே ஊசலாடும்) மெஷினிலேயே கம்பளிக்குப் பக்கத்தில் வரும் அளவுக்கு வெட்டும். மென்மையான கிளியரில் அதே இழைகள் சாம்பல் நிற மங்கல் ஒன்றை விட்டுவிட்டுப் போகும்.

டெஸ்ட் ஸ்பாட்

மெஷின் 15 மில்லிமீட்டர் த்ரோ உள்ள டி.ஏ. அதாவது பேட் தன் அச்சில் சுற்றிக்கொண்டே, அந்த அச்சும் 15 மி.மீ. வட்டத்தில் ஊசலாடும். இழையோ துகளோ ஒரே பாதையில் திரும்பத் திரும்ப ஓடாது என்பதால் ஹாலோகிராம் விழுவதில்லை. அதற்கு ஈடாக ரோட்டரி அளவுக்கு வேகம் கிடைக்காது. அதை ஈடுகட்டுவது பேடின் வேலை.

பானெட்டின் நடுவில், அதிகம் அடிபட்ட இடத்தில், இரண்டடிக்கு இரண்டடி டேப் ஒட்டி நாலு கட்டம் போட்டோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சேர்க்கை. எப்போதும் இருப்பதில் மென்மையானதில் இருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். போதவில்லை என்றால் ஒரு படி ஏறலாம். ஏறிவிட்டு இறங்கினால் எடுத்த கிளியர் திரும்பி வராது. இன்னொரு விதி: ஒரு படிக்கு ஒரு பொருளைத்தான் மாற்ற வேண்டும். பேடையும் காம்பவுண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும்.

முதல் கட்டத்தில் மென்மையான ஃபினிஷிங் ஃபோம், நைசான பாலிஷ். துடைத்துப் பார்த்தால் ஹாலோகிராம் முழுவதும் போயிருந்தது. ஸ்வர்ல் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இந்த முடிவு எனக்குப் பெரிய தகவல். கம்பளி போட்ட கோடு இவ்வளவு மென்மையான பேடுக்கே போகிறது என்றால், இந்தக் கிளியர் மிகவும் மென்மையானது. இனி எந்தக் கரடான பொருளை எடுத்தாலும் அது தன் தடத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது கட்டத்தில் பாலிஷ் அதேதான். பேட் மட்டும் நடுத்தர ஃபோம். இங்கேதான் உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரே பாட்டில், ஒரே வேகம், ஒரே எண்ணிக்கையில் ஓட்டம். பக்கத்துக் கட்டத்தில் நின்றிருந்த ஸ்வர்லில் பெரும்பகுதி இங்கே இல்லை. மங்கலும் இல்லை. ஆழமான கீறல்கள் சில மட்டும் தனித்தனியாகக் கிடந்தன. அவர் குனிந்து இரண்டு கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மருந்து ஒண்ணுதானா?" என்று திரும்பக் கேட்டார். ஒன்றுதான்.

மூன்றாவது கட்டத்தில் மைக்ரோஃபைபர் பேட், மறுபடி அதே பாலிஷ். ஆழமான கீறல்களும் ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது அந்தச் சதுரம் முழுவதும் சாம்பல் பூத்திருந்தது. கறுப்பின் ஆழம் போய்விட்டது. இதை வண்டி முழுவதும் போட்டால், மங்கலை எடுக்க நடுத்தர ஃபோமில் ஒரு சுற்று, அதன் பிறகு மென்மையான ஃபோமில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். சுற்று கூடக் கூடத் தேய்மானமும் கூடும். ஏழு வருட வண்டிக்கு, ஏற்கெனவே ஒருமுறை ரோட்டரி ஓடிய வண்டிக்கு, அது தேவையில்லாத செலவு.

நான்காவது கட்டத்தில் மறுபடி நடுத்தர ஃபோமுக்கே வந்து, பாலிஷை ஒரு படி வேகமான காம்பவுண்டாக மாற்றினோம். ஆழமான கீறல்களில் பல போயின. லேசான மங்கல் வந்தது. மென்மையான ஃபோமில் நைசான பாலிஷை ஒருமுறை ஓட்டியதும் அது போய்விட்டது. முடிவு இங்கே கிடைத்தது: நடுத்தர ஃபோம், மிதமான காம்பவுண்ட், அதன் பிறகு ஃபினிஷிங் ஃபோம், நைசான பாலிஷ். இரண்டே சுற்று.

ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைத்தோம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பிக்கொண்டு கண்ணை ஏமாற்றும்; முன்பு நடந்த வேலையில் உரிமையாளர் ஏமாந்தது அதில்தான். மென்மையான கறுப்பில் இந்தத் துடைப்பே கீறல் போடக்கூடும். அதனால் நீளமான இழையுள்ள புதுத் துண்டு, நன்றாக ஈரமாக, எடை கொடுக்காமல். பனியன் வேஸ்ட் துணியைக் கறுப்பு வண்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பேடின் அளவு

மெஷினில் பேடை ஒட்டவைக்கும் தட்டான பேக்கிங் பிளேட் 5 இஞ்ச், பேட் 5.5 இஞ்ச். பிளேட்டை விட பேட் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். பிளேட்டின் விளிம்பு வெளியே தெரிந்தால் பெயிண்டில் இடிக்கும். அதற்காக 5 இஞ்ச் பிளேட்டில் 6.5 இஞ்ச் பேடை மாட்டி, சீக்கிரம் முடிக்கலாம் என்று நினைத்தால் நடக்காது. பேட் பெரிதாகும்போது விளிம்பு இழுக்கும். டி.ஏ. மெஷினில் சுழற்சி கட்டாயம் இல்லை, தடை வந்தால் நின்றுவிடும். சுற்றாமல் வெறுமனே நடுங்கும் பேட் எதையும் வெட்டாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. பிளேட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓட்டும்போது அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். ஃபெண்டரின் வளைவில், டோர் ஹேண்டிலின் மேல், பானெட்டின் மேட்டில் அது நின்று நின்று போகும். அப்போது அழுத்தத்தைக் குறைத்து மெஷினைச் சமமாகப் பிடித்தால் மறுபடி சுற்றும். அங்கேயும் சுற்றவில்லை என்றால் பேடைச் சிறிதாக்க வேண்டிய நேரம். இந்த வண்டியில் ஹேண்டில் சுற்றிலும், நம்பர் பிளேட் மேலேயும், ஃபாக் லாம்ப் பக்கமும் 3 இஞ்ச் பேடுதான் வேலை செய்தது. அதன் ஃபோம் பெரிய பேடின் அதே வகையாக இருக்கட்டும். பெரிய இடத்தில் ஒரு மாதிரி, சின்ன இடத்தில் இன்னொரு மாதிரி மினுங்கினால் கறுப்பில் உடனே தெரியும்.

டோர், பம்பர், பில்லர்

டெஸ்ட் ஸ்பாட்டில் கிடைத்த முடிவு பானெட்டுக்கானது. அது வண்டி முழுவதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டால் வலது முன் டோரில் மாட்டிக்கொண்டிருப்போம். மறுபெயிண்ட் அடித்த இடத்தில் கிளியர் வேறு, கெட்டித்தன்மை வேறு. தொழிற்சாலையில் உடல் முழுவதும் அதிக சூட்டில் வேகும். வெளியே பெயிண்ட் கடைகளில் அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த டோரில் தனியாக ஒரு சின்ன டெஸ்ட் எடுத்தோம். நடுத்தர ஃபோமும் காம்பவுண்டும் பட்டதும் பாலிஷ் பிசுபிசுவென்று இழுத்தது, மங்கல் ஏறியது. அதனால் டோருக்கு மட்டும் ஃபினிஷிங் ஃபோம், நைசான பாலிஷ், அவ்வளவுதான். ஸ்வர்ல் போய்விட்டது. பெயிண்டோடு அடைந்திருந்த தூசிப் பொட்டுகளையும் ஆரஞ்சுத் தோல் போன்ற மேடு பள்ளத்தையும் அப்படியே விட்டோம். தடிமன் 230 காட்டுகிறதே, தாராளமாகத் தேய்க்கலாமே என்று தோன்றும். அந்த 230இல் பட்டி எவ்வளவு, கிளியர் எவ்வளவு என்று கேஜ் சொல்லாது.

பம்பர் பிளாஸ்டிக். இரும்புக்கான கேஜ் அங்கே வேலைக்கு ஆகாது. இரும்புத் தகடு சூட்டைப் பரப்பி ஆற்றிவிடும். பிளாஸ்டிக்கில் சூடு விழுந்த இடத்திலேயே தங்கும். அங்கே மெலிந்த கரடுப் பேடை வைத்து ஒரே இடத்தில் நின்றால் பெயிண்ட் இளகிவிடும். மெஷின் வேகத்தைக் குறைத்து, சின்ன நடுத்தர ஃபோமில், சின்னச் சின்னப் பகுதியாக முடித்தோம்.

டோருக்கு நடுவே இருக்கும் பளபளக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பில்லர்களைப் பற்றி ஒரே வார்த்தை: இருப்பதில் மென்மையான பேட், இருப்பதில் நைசான பாலிஷ். அதற்குப் பிறகும் கீறல் மிஞ்சினால் விட்டுவிடுங்கள்.

ரூஃபில் உப்பு அரித்த புள்ளிகளுக்கு மட்டும், புள்ளி உள்ள இடத்தில் மட்டும், மைக்ரோஃபைபர் பேடை எடுத்தேன். டெஸ்ட் ஸ்பாட்டில் தள்ளிவைத்த பேட் இங்கே உதவியது. அதன் மங்கலை நடுத்தர ஃபோமில் எடுத்துவிட்டோம். ஆழமான சில குழிகள் மங்கின, போகவில்லை. அவற்றைத் துரத்திக்கொண்டு போனால் ரூஃபின் கிளியர் காலியாகிவிடும். வெயில் நேராக விழுகிற இடம் அது. உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டிச் சொன்னேன், "சரிப்பா, விட்டுடு" என்றார்.

சூடும் பேடும்

சென்னையில் கறுப்பு வண்டியைப் பாலிஷ் போடுவது நேரத்தோடு நடத்தும் சண்டை. வெயிலில் நின்றுவிட்டு வந்த பானெட்டில் உடனே பேடை வைத்தால் காம்பவுண்ட் ஓட்டத்துக்கு முன்பே காய்ந்து தூளாகப் பறக்கும். நிழலில் நிறுத்தி, புறங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் தொடங்கினோம்.

புதுப் பேடுக்கு முதலில் காம்பவுண்டை முகம் முழுவதும் மெல்லியதாகத் தடவி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த ஃபோமே கீறும். அதன் பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பட்டாணி அளவில் நாலு சொட்டு போதும். நிறையப் போட்டால் நிறைய வெட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. பேட் நனைந்து கனத்துப் பெயிண்டின் மேல் வழுக்கும், துளைகள் அடைபடும், வெட்டு குறையும். இதுதான் நடக்கும்.

ஒவ்வொரு பகுதி முடிந்ததும் நைலான் பிரஷ்ஷால் பேடின் முகத்தைச் சுரண்டி, கம்ப்ரசர் காற்றால் ஊதினோம். ஃபோமில் இருந்து கறுத்த தூள் கிளம்பும். காய்ந்த காம்பவுண்டோடு, அந்தப் பகுதியில் எடுத்த கிளியரும் அதில் இருக்கிறது. அதைப் பேடிலேயே விட்டு அடுத்த பகுதிக்குப் போனால் அது உருண்டையாகச் சேர்ந்து புதுக் கீறல் போடும். மென்மையான கறுப்பில் இதை ஒரு பகுதி தவறவிட்டாலும் டார்ச் காட்டிக்கொடுக்கும்.

பேடின் நடுப்பகுதிதான் முதலில் சூடேறும். நடுவில் ஓட்டை உள்ள பேடுகள் அந்தச் சூட்டுக்கு வழிவிடவே அப்படிச் செய்யப்படுகின்றன. சூடு ஏற ஏற ஃபோம் தளரும். காலையில் நடுத்தரமாக இருந்த பேட் பகலில் மென்மையான பேடாக ஆகிவிடும். பானெட்டில் நன்றாக வெட்டியது டிக்கியில் வெட்டவில்லை என்றால் காம்பவுண்டைச் சந்தேகப்படுவதற்கு முன் பேடைத் தொட்டுப் பாருங்கள். முழு வண்டிக்கு ஒரு நடுத்தர பேட் வைத்துக்கொண்டு தொடங்குவது இந்த ஊர் வெயிலில் சரிவராது. வெட்டும் கட்டத்துக்கு நாலு பேட், ஃபினிஷிங்குக்கு இரண்டு என்று எடுத்துவைத்து, சூடானதை ஆறவிட்டு மாற்றி மாற்றி ஓட்டினோம். பட்ஜெட் குறைவாக உள்ளவர்களிடம் நான் சொல்வது: மூன்றாவது பாட்டில் காம்பவுண்ட் வாங்கும் காசில் அதே வகை பேட் இன்னும் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஃபினிஷிங்கில் வந்த சிக்கல்

முதலில் எடுத்தது கடையில் இருந்ததிலேயே மிக மென்மையான ஃபோம். மென்மையான பெயிண்டுக்கு மிக மென்மையான பேட் என்பது பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அது முழு முகமும் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. மார்க்கர் கோடு விட்டுவிட்டுச் சுற்றியது. துடைத்துப் பார்த்தால் டார்ச்சில் பால் படர்ந்த மாதிரி மிக லேசான மங்கல். அதே பாலிஷோடு அதைவிட ஒரு படி கெட்டியான ஃபினிஷிங் ஃபோமை மாட்டியதும் இழுவை நின்றது, கோடு சீராகச் சுற்றியது, மங்கல் வரவில்லை.

மென்மைக்கும் ஒரு எல்லை உண்டு. ஃபோமுக்குத் தன் வடிவத்தைத் தாங்கும் அளவு உடம்பு இருந்தால்தான் பாலிஷில் உள்ள துகள்கள் சமமாக உருண்டு வேலை செய்யும். கடைசி இரண்டு ஓட்டத்தில் மெஷினின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், வேகத்தையும் குறைத்து முடித்தோம். பானெட்டின் முன் விளிம்பில் டேப்பை இப்போதுதான் எடுத்தோம். அங்கே இந்த ஃபினிஷிங் பேட் மட்டும், ஒரே ஓட்டம். ஹாலோகிராம் போனது. ஸ்வர்ல் கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும்.

கடைசியில் பார்த்தது

வண்டியை மறுநாள் காலை வெயிலில் நிறுத்திப் பார்த்தோம். உள்விளக்கில் நன்றாகத் தெரிந்தது வெயிலில் காட்டிக்கொடுக்கும் என்பதால் வெயிலே கடைசி நீதிபதி. பட்டைகள் இல்லை. கறுப்பு கறுப்பாக இருந்தது. பானெட் நடுவில் அதே இடங்களில் பல தடவை அளந்து சராசரி எடுத்ததில் முன்பைவிட மூன்று மைக்ரான் அளவுக்குக் குறைந்திருந்தது. கேஜின் துல்லியமே இரண்டு மைக்ரான் முன்னே பின்னே இருக்கும், எனவே அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லைக்குள் நின்றோம் என்பதை அது காட்டுகிறது.

மேலே பாதுகாப்புக்காக ஒரு சீலன்ட் பூச்சைப் பூசிக் கொடுத்தோம். தினசரித் துடைப்பை நிறுத்தச் சொல்லி உரிமையாளரிடம் பேசினேன். துடைப்பவருக்கு மாதச் சம்பளம் அப்படியே கொடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டு அலசினால் போதும், உலர்ந்த துணி பட வேண்டாம் என்று ஏற்பாடு ஆனது.

பேடுகளை அன்றே கழுவினோம். காம்பவுண்ட் காய்ந்துவிட்டால் ஃபோமின் உள்ளே கல்லாகிவிடும், அப்புறம் எதில் ஊறவைத்தாலும் முழுதாக வராது. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் பிசைந்து, முறுக்காமல் பிழிந்து, மெஷினில் மாட்டி வாளிக்குள் மெதுவான வேகத்தில் சுற்றித் தண்ணீரை உதறி, நிழலில் காயவைத்தோம். வெயிலில் வைத்தால் வெல்க்ரோ ஒட்டிய பசை விட்டுப்போகும். நடுத்தர பேடுகள் நாலில் இரண்டு நடுவில் தொய்ந்திருந்தன. விரலால் அழுத்தினால் நடுவும் விளிம்பும் ஒரே மாதிரி எதிர்க்கவில்லை. அவற்றின் பின்புறத்தில் மார்க்கரால் 'லைட்' என்று எழுதி, ஹெட்லைட் தேய்க்கும் பெட்டியில் போட்டாயிற்று. பெயிண்டுக்கு இனி அவை வராது.